அவசர எச்சரிக்கை: செல் பிராட்காஸ்டா, எஸ்எம்எஸ்ஸா, ஆப்பா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசின் அவசர எச்சரிக்கை நம் போனுக்கு வந்து சேர மூன்று வழிகள் உண்டு: செல் பிராட்காஸ்ட் (டவர் தன் கீழே உள்ள எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பி, சைலன்ட்டை மீறியும் அலற வைக்கும் செய்தி), எஸ்எம்எஸ், ஆப். ஒன்றே ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்றால் செல் பிராட்காஸ்ட். எரிச்சலில் அதை ஆஃப் செய்து வைத்தவர்கள் மறுபடி ஆன் செய்வது நல்லது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் ஆப். அதுவும் முக்கியமாக, நீங்கள் இருக்கும் இடத்துக்காக இல்லை, உங்களுக்கு வேண்டியவர்கள் இருக்கும் இடத்துக்காக. எஸ்எம்எஸ்ஸில் நாம் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. வந்தால் அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான். வானிலைத் துறையோ பேரிடர் மேலாண்மைத் துறையோ எச்சரிக்கையை எழுதி, எந்தப் பகுதிக்கு என்று வரைபடத்தில் எல்லை போட்டுக் கொடுக்கிறது. பல நாடுகளில் இதற்கு ‘கேப்’ என்ற பொதுவான வடிவம் இருக்கிறது. என்ன ஆபத்து, எவ்வளவு தீவிரம், எவ்வளவு அவசரம், எவ்வளவு நிச்சயம், எப்போது காலாவதியாகும் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். ஒருமுறை நிரப்பினால் அதே செய்தியை டிவி, வானொலி, போன் என்று எல்லாவற்றுக்கும் தள்ளலாம். வித்தியாசமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செல் பிராட்காஸ்டுக்கு யாருடைய நம்பரும் வேண்டாம். டவர், தான் எந்த நிறுவனத்துடையது, எந்த அலைவரிசை என்பது போன்ற விவரங்களை ஓயாமல் பரப்பிக்கொண்டே இருக்கிறது. சட்டைப்பையில் சும்மா கிடக்கும் போனும் அதை அவ்வப்போது கேட்டுக்கொள்கிறது. இந்தப் போக்குவரத்திலேயே எச்சரிக்கையும் ஏறி வருகிறது. 4ஜி நெட்வொர்க்கில் நடப்பது இது: டவர் முதலில் எல்லா போன்களுக்கும் சேர்த்து ‘எச்சரிக்கை இருக்கிறது’ என்று ஒரு சின்ன சைகை கொடுக்கும். அதைக் கேட்ட போன் உடனே ‘சிப் 12’ என்ற தகவல் தொகுதியைத் திறக்கும். செய்தி துண்டு துண்டாக வரும், போன் அதைக் கோத்து முழுசாக்கும். கூடவே இரண்டு எண்கள் வரும். ஒன்று வகை எண். 4370 என்றால் மிக உயர்ந்த நிலை, பெரும்பாலும் அதை நம்மால் தடுக்க முடியாது. அமெரிக்காவில் 4379 என்றால் காணாமல் போன குழந்தை பற்றிய ‘ஆம்பர்’ எச்சரிக்கை. இரண்டாவது எண், செய்தியின் தொடர் எண். தாமதமாக அந்தப் பகுதிக்குள் வருகிறவருக்கும் செய்தி கிடைக்க வேண்டுமே, அதனால் டவர் அதையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும். ஏற்கெனவே காட்டிய செய்தி என்றால் தொடர் எண்ணைப் பார்த்துவிட்டு போன் சத்தம் போடாமல் விட்டுவிடும்.

இந்த ஏற்பாட்டால் கிடைக்கும் பெரிய லாபம், நெரிசல் இல்லை என்பது. டவருக்குக் கீழே பத்து போன் இருந்தாலும் பத்தாயிரம் போன் இருந்தாலும் டவர் பேசுவது ஒரே பேச்சு. பேரிடர் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வீட்டுக்கு போன் போடுவார்கள், லைன் கிடைக்காது, டேட்டா நகராது. அப்போதும் இது போய்ச் சேரும். ஜப்பான் 2007-லேயே நிலநடுக்க முன்னெச்சரிக்கையை இந்த வழியில் போன்களுக்குக் கொண்டுவந்தது. அந்த முறையின் தொழில்நுட்ப விதியில், முதல் அறிவிப்பு 4 நொடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நில அதிர்வின் வேகமான முதல் அலைக்கும், பின்னால் வந்து ஆட்டிப் படைக்கும் அலைக்கும் இடையே கிடைப்பது சில நொடிகள்தான் என்பதால் அப்படி ஒரு கெடு. எஸ்எம்எஸ் இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளவே முடியாது.

இரண்டாவது லாபம், யார் பெற்றார்கள் என்று அரசுக்குத் தெரியாது. செய்தி ஒரு பக்கமாக மட்டுமே போகிறது, போன் பதில் சொல்வதில்லை. ‘அரசு என் இருப்பிடத்தைப் பார்க்கிறது’ என்ற பயத்தில் இதை ஆஃப் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வழிகளில் அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லாத ஒரே வழி இதுதான்.

மூன்றாவது லாபம், வெளியூர்க்காரரும் வெளிநாட்டுக்காரரும் விட்டுப்போவதில்லை. எந்த நாட்டு சிம் என்று டவர் கேட்பதில்லை. போன் அந்த வகை எண்ணைப் புரிந்துகொள்ளும் மாடலாக இருந்தால் சரி.

குறைகளும் உண்டு. செய்தி எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. எச்சரிக்கை ஒலிபரப்பாகும் நேரத்தில் போன் ஆஃபில் இருந்தால், ஏரோபிளேன் மோடில் இருந்தால், சிக்னல் இல்லாத அடித்தளத்தில் இருந்தால் கிடைக்காது. ஒலிபரப்பு நின்ற பிறகு ஆன் செய்தால் பழசைக் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. வைஃபையில் இருக்கிறேனே என்றால் அதுவும் உதவாது, இது டவர் சமாசாரம். பிரிட்டனில் இந்த எச்சரிக்கை 4ஜி, 5ஜி நெட்வொர்க்குகளில் மட்டும்தான் போகிறது. அங்கே பழைய பட்டன் போன் வைத்திருப்பவருக்கு இந்த வழி அடைபட்டதுதான்.

இட அளவும் முன்பு பெரிய தலைவலியாக இருந்தது. 2017 அக்டோபரில் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, அதிகாரிகள் செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கையை அனுப்பவில்லை. அனுப்பினால் ஆபத்தில்லாத பகுதிகளுக்கும் போய் எல்லோரும் சாலைக்கு வந்துவிடுவார்கள் என்ற தயக்கம். பிற்பாடு அமெரிக்காவில் விதி கடுமையானது. இப்போதைய புது போன்களில் செய்தியோடு வரைபட எல்லையும் சேர்ந்து வரும். போன் தன் இருப்பிடத்தைத் தானே பார்த்து, எல்லைக்கு வெளியே இருந்தால் செய்தியைக் காட்டாமல் விடும். அனுமதிக்கப்பட்ட பிசகு 0.1 மைல், அதாவது சுமார் 160 மீட்டர். பிரிட்டனிலும் 2024 பிப்ரவரியில் பிளிமத் நகரில் கிடைத்த இரண்டாம் உலகப்போர் வெடிகுண்டை கடலுக்கு எடுத்துப்போனபோது, அந்தப் பாதையை ஒட்டி இருந்தவர்களை மட்டும் குறிவைத்து எச்சரிக்கை அனுப்பினார்கள்.

எழுத்து இடம் பற்றி ஒரு சின்ன விஷயம், தமிழில் படிப்பவர்களுக்கு. செல் பிராட்காஸ்டில் ஒரு பக்கத்துக்கு ஆங்கில எழுத்து 93, அதிகபட்சம் 15 பக்கம். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஒரு பக்கத்தில் சுமார் 40 குறியீடுதான். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70. இதில் குறியீடு வேறு, எழுத்து வேறு. ‘வெள்ளம்’ நம் கணக்கில் 4 எழுத்து. கணினிக் கணக்கில் 7: ‘வெ’யின் கொம்பு தனி, இரண்டு புள்ளிகளும் தனித்தனி. ஆக 70 இடம் என்பது தமிழில் நாற்பது சொச்சம் எழுத்து. தமிழ் எச்சரிக்கைகள் தந்திபோல் வெட்டியும் குறுக்கியும் வருவதற்கோ, ஒரே எஸ்எம்எஸ் மூன்று நான்காகப் பிரிந்து வருவதற்கோ பெரும்பாலும் இதுதான் காரணம்.

எஸ்எம்எஸ்ஸுக்கு வருவோம். அது ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் போக வேண்டிய செய்தி. ஒரு லட்சம் பேருக்கு அனுப்புவதென்றால் ஒரு லட்சம் தடவை. இருப்பிட எஸ்எம்எஸ் என்ற வகையில், அந்தந்த டவரில் இப்போது எந்தெந்த நம்பர்கள் இருக்கின்றன என்று நெட்வொர்க் பட்டியல் எடுத்து, வரிசையாக அனுப்பும். வேகமான நெட்வொர்க்கில்கூட முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே நேரம் ஓடிவிடும். நெரிசல் நேரத்தில் இன்னும் மோசம். அது போதாதென்று, எஸ்எம்எஸ் வந்தால் போன் ‘டிங்’ என்று ஒரு சத்தம்தான் போடும். சைலன்ட்டில் இருந்தால் அதுவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அது யாரை எழுப்பும்?

ஆனாலும் அதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். எந்த ஓட்டை போனுக்கும் வரும். போன் ஆஃபில் இருந்தாலும் நெட்வொர்க் கொஞ்ச காலம் வைத்திருந்து பிறகு கொடுக்கும். இன்பாக்ஸில் தங்கும், மறுபடி படிக்கலாம், அடுத்தவருக்கு அனுப்பலாம். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அனுப்பியவருக்கும் தெரியும். பெல்ஜியம் தன் எச்சரிக்கை முறையை எஸ்எம்எஸ்ஸை வைத்துத்தான் கட்டியது. பிரான்ஸ் 2022-இல் தொடங்கிய முறையில் செல் பிராட்காஸ்டும் இருப்பிட எஸ்எம்எஸ்ஸும் இரண்டும் உண்டு. நாளை மழை, அணை திறப்பு, நிவாரண முகாம் எங்கே என்பது போன்ற, சில மணி நேரம் அவகாசம் உள்ள செய்திக்கு எஸ்எம்எஸ் போதும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுவே. எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரைப் போலியாகப் போடுவது மோசடிக்காரர்களுக்குப் பழகிய வித்தை. ‘வெள்ள நிவாரணம், இந்த லிங்கைத் தட்டவும்’ என்று வந்தால் தட்டாதீர்கள். எச்சரிக்கை உண்மையா என்று பார்க்க அந்த லிங்க் வழியே போகாமல், நீங்களே வானிலைத் துறையின் தளத்தையோ வானொலியையோ திறந்து பாருங்கள்.

ஆப்பை ஆதரிப்பவர்கள் அடுக்கும் காரணங்கள் வலுவானவை. வரைபடம் காட்டலாம், படம் காட்டலாம், மொழி மாற்றலாம், எழுத்துக் கட்டுப்பாடு இல்லை. எந்த ஊருக்கு எச்சரிக்கை வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் ஆப்பின் உண்மையான பலம். செல் பிராட்காஸ்ட் டவருக்குக் கீழே இருப்பவருக்கு மட்டும்தான். அம்மா அப்பா ஓர் ஊரில், பிள்ளைகள் இன்னோர் ஊரில் என்றால், அவர்கள் ஊர் எச்சரிக்கை பிள்ளைகளின் போனில் அடிக்காது. ஆப்பில் அந்த ஊரைச் சேர்த்து வைத்தால் அடிக்கும். அவர்கள் போனைப் பார்க்கிறார்களோ இல்லையோ, நீங்கள் கூப்பிட்டுச் சொல்லலாம்.

ஆனால் அதை மட்டும் நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்து 2012-லேயே செல் பிராட்காஸ்டைக் கொண்டுவந்தது. பக்கத்திலிருந்த ஜெர்மனி ‘நீனா’ என்ற ஆப்பை நம்பியிருந்தது. 2020 செப்டம்பர் 10 அன்று நாடு முழுக்க ஒத்திகை வைத்தார்கள். ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து எச்சரிக்கைகள் குவிந்ததில் அமைப்பு திணறி, ஆப்பில் அறிவிப்பு அரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஒத்திகைதானே என்று சிரித்தவர்களும் உண்டு. 2021 ஜூலையில் ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கிலும் சுற்றுப் பகுதிகளிலும் வெள்ளம் வந்து ஜெர்மனியில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை ஏன் மக்களை எட்டவில்லை என்ற கேள்வி எழுந்தது. 2023 பிப்ரவரியில் ஜெர்மனியிலும் செல் பிராட்காஸ்ட் முறையாகத் தொடங்கியது.

ஆப்பின் அடிப்படைப் பலவீனம் எளிது: யாரோ ஒருவர் அதை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள். அங்கே பயன்படுத்தியது ஆப் இல்லை, மக்கள் முன்பே பெயர் பதிவு செய்திருக்க வேண்டிய தொலைபேசி எச்சரிக்கை முறை. பலர் பதிவு செய்திருக்கவில்லை. வியாதி ஒன்றுதான். பேரிடருக்கு முந்தைய நாள் வரை பதிவு செய்ய யாருக்கும் தோன்றாது.

நிறுவிய பிறகும் பாடு தீரவில்லை. அறிவிப்பு வர இன்டர்நெட் வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரி மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களை அமுக்கி வைத்துவிடும். ஐபோனில் ஒரு ஆப் சைலன்ட்டை மீறிச் சத்தம் போட ஆப்பிளின் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும், நாமும் அதற்குச் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். எனவே ஆப் போடுகிறவர்கள் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள், இருப்பிட அனுமதியைக் கேட்டால் எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுங்கள். உக்ரைனில் 2022 முதல் வான்தாக்குதல் எச்சரிக்கைக்கு ஆப் பெரிய அளவில் பயன்படுகிறது. அங்கே ஆபத்து அன்றாடம் என்பதால் ஆப்பை நிறுவச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு அந்த உந்துதல் இருக்காது.

‘வேண்டாத நேரத்தில் அலறுகிறதே, தவறாகவும் வருகிறதே’ என்பது ஆஃப் செய்கிறவர்கள் சொல்லும் காரணம். நியாயமான புகார். 2018 ஜனவரி 13 காலை 8.07-க்கு ஹவாய் முழுக்க போன்கள் அலறின: ஏவுகணை வருகிறது, பதுங்குங்கள், இது ஒத்திகை இல்லை. பொய்ச் செய்தி. தவறு என்று சொல்லும் மறு செய்தி போனுக்கு வர 38 நிமிடம் ஆனது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயின்போது, ஒரு சின்னப் பகுதிக்கான வெளியேற்ற எச்சரிக்கை மாவட்டம் முழுக்கப் போனது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் வானிலைத் துறை காலை 7.30 வாக்கிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. போன்களுக்கு எச்சரிக்கை போனது இரவு 8.11-க்கு. அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் புகுந்துவிட்டிருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மூன்று இடத்திலும் அடிப்படைக் கோளாறு டவரில் இல்லை. எச்சரிக்கையை முடிவெடுத்து அனுப்பும் இடத்தில்தான், ஆட்களாலோ மென்பொருளாலோ, கோளாறு. ஆப்புக்கோ எஸ்எம்எஸ்ஸுக்கோ மாறினாலும் அந்தக் கோளாறு கூடவே வரும். எனவே தவறான எச்சரிக்கைகளைக் காட்டி செல் பிராட்காஸ்டை மட்டும் ஆஃப் செய்வதில் அர்த்தமில்லை.

தூக்கம் கெடுவது வேறு விவகாரம். 2019-இல் கனடாவின் ஒன்டாரியோவில் காணாமல் போன ஒரு குழந்தைக்காக இரவில் எச்சரிக்கை அடித்தபோது, தூக்கம் போனதாக அவசர உதவி எண்ணான 911-க்கே கூப்பிட்டுப் புகார் செய்தவர்கள் இருந்தார்கள். அந்த எச்சரிக்கையைப் பார்த்த ஒருவர் கொடுத்த தகவலால்தான் தேடப்பட்டவர் பிடிபட்டார். கனடாவில் இவற்றை ஆஃப் செய்யவே முடியாது. அமெரிக்காவில் தேசிய அளவிலான எச்சரிக்கையைத் தவிர மற்றதை ஆஃப் செய்யலாம். ஆஃப் செய்தே ஆக வேண்டும் என்றால் ஆம்பரை எடுங்கள், அல்லது இரண்டாம் நிலைத் தீவிரத்தை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்று இருப்பதைத் தொடாதீர்கள்.

இந்தத் தேர்வுகள் இருக்கும் இடம்: ஐபோனில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன், அந்தப் பக்கத்தின் அடிமட்டம் வரை தள்ளினால் அரசு எச்சரிக்கைகள் என்று வரும். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்கு ஒரு இடம். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘எமர்ஜென்சி அலர்ட்’ என்று போட்டால் காட்டிவிடும். சோதனை எச்சரிக்கைக்கு ஒரு தனிச் சுவிட்ச் இருக்கும், பெரும்பாலும் ஆஃபில். அதை ஆன் செய்யச் சொல்வேன். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அமைதியான ஒரு நாளில் ஒருமுறை கேட்டுவிட்டால் நிஜமாக வரும்போது கை உதறாது. இந்தியாவில் 2023-இல் பல கட்டமாக நடந்த செல் பிராட்காஸ்ட் சோதனையில் போனுக்கு என்ன ஆயிற்று என்று பயந்தவர்கள் நிறைய.

முழுவதுமாக ஆஃப் செய்வது சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் ஆட்கள் ஒரு தரப்பினர்தான். வீட்டில் வன்முறைக்கு ஆளாகி, உதவி கேட்பதற்காக ஒரு போனை ஒளித்து வைத்திருப்பவர்கள். சைலன்ட்டை மீறி அலறும் போன் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டன் 2023 ஏப்ரல் 23 அன்று முதல் நாடு தழுவிய சோதனை நடத்தியபோது, அப்படிப்பட்டவர்களுக்கு எச்சரிக்கையை ஆஃப் செய்வது எப்படி என்று அரசே சொல்லிக்கொடுத்தது.

பட்டன் போன் வைத்திருக்கும் வயதானவர்களுக்கு ஆப் பயன்படாது, செல் பிராட்காஸ்டும் நிச்சயமில்லை. எஸ்எம்எஸ் வரும், ஆனால் கண்ணாடி தேடி எடுத்துப் படிப்பார்களா? அவர்கள் ஊரை உங்கள் ஆப்பில் சேர்த்துவிட்டு, எச்சரிக்கை வந்ததும் கூப்பிடுவதே நடைமுறைக்கு ஒத்து வரும். லைன் கிடைக்காமல் போகலாம் என்பதால் பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றையும் வைத்திருங்கள்.

மூன்று வழிகளும் சேர்ந்து தோற்கும் ஒரு நிலைமையும் உண்டு: டவரே விழுந்துவிடுவது. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா எரிந்தபோது போன் எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன. ஆனால் அங்கே மின்சாரமும் செல் சேவையும் துண்டிக்கப்பட்டிருந்ததால் பலருக்குக் கிடைக்கவில்லை. சைரன்கள் இருந்தும் ஒலிக்கவிடவில்லை. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன வானொலியை வீட்டில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வருஷத்துக்கு ஒருமுறை அதன் பேட்டரியை மாற்றும் அன்றே, போனில் அந்தச் சுவிட்சுகள் இன்னும் ஆனில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். போன் மாற்றியிருந்தால் கட்டாயம் பாருங்கள்.